வீட்டுக்கு ஒரு பாகப்பிரிவினை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொற்பொழிவு ஆண்டுதோறும் ‘வீட்டுக்குப் பயன்படும் பொருளில்’ அமைய வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையைத்தான் இந்த அறக்கட்டளையை நிறுவியவர் எழுதிவைத்தாராம். அழைப்பு வந்ததும் அந்தச் சொற்களை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். வீட்டைப் பற்றியே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் ஆய்வாளர் இல்லை. பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள். விற்பவர், வாங்குபவர், எழுதிக்கொடுப்பவர், விட்டுக்கொடுப்பவர் எல்லாரும் என் மேசைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று, கையெழுத்தும் ரேகையும் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டுக் கூடத்தில் ஐந்து வருடம் நடந்த பேச்சு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அதிகாரமும் எனக்கு இல்லை. ‘இதை எழுதிக்கொடுத்தது நீங்கள்தானா?’ என்று கேட்கலாம். ‘ஏன்?’ என்று கேட்க முடியாது.

ஒரே ஒரு முறை அந்த ‘ஏன்’ பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அலுவலகத்துக்கு வர முடியாத நோயாளிகள், முதியவர்கள் வீட்டுக்குச் சார்பதிவாளரே போய்ப் பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார வைத்திருந்தார்கள். முதுகுக்கு இரண்டு தலையணை. மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட். பத்திர எழுத்தர் படித்துக் காட்டினார். “ஐயா, இது என்ன பத்திரம்னு தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியும்மா. வீட்டை எழுதிக்கொடுக்கிறேன்” என்றார். மைப்பெட்டியை எடுத்தேன். கட்டைவிரலை நீட்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்: “அப்புறம் எங்க படுத்துக்கிறதுன்னுதான் யாரும் சொல்லலை.”

கூடத்தில் சத்தமே இல்லை. மகன் கெட்டவர் இல்லை. முகம் கறுத்துப்போய் நின்றார். அந்தக் கேள்வி அவருக்கும் அன்றுதான் முதல் தடவையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் மைப்பெட்டியை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். அவர்கள் உள்ளே போய்ப் பேசினார்கள். பத்திர எழுத்தர் புதிதாக ஒரு பக்கம் எழுதினார். ‘என் ஆயுட்காலம் வரை மேற்படி வீட்டில் நான் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்ற ஒரு வரி கூடுதலாக ஏறியது. பெரியவர் ரேகை வைத்தார்.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு வீட்டை வாங்குவதோ விற்பதோ, பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போவதோ, பார்வைக்கு ஒரு முடிவு. உள்ளே பார்த்தால் மூன்று முடிவு. எப்படி வாழப்போகிறோம், யாருடையது, எவ்வளவு என்ற மூன்றும் நூல்கண்டு சிக்கியது போலக் கிடக்கின்றன. நாம் பெரும்பாலும் மூன்றாவதைப் பிடித்து இழுக்கிறோம். ‘கிரவுண்டு என்ன விலை போகுதாம்?’ என்றுதான் பேச்சு தொடங்குகிறது. முடிச்சு இறுகிவிடுகிறது.

கூட்டுச் சொத்துத் தீராத சிக்கலானால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவோம். அதில் முதல் தபசில், இரண்டாம் தபசில் என்று சொத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கெல்லை எழுதுவோம். அதே முறையில் வீட்டுக் கேள்விகளுக்கும் ஒரு பாகப்பிரிவினை செய்து பார்ப்போம்.

முதல் தபசில்: ஆள்

எங்கள் வீடு தாம்பரத்தைத் தாண்டி ஒரு கிரவுண்டு மனையில் இருந்தது. 2,400 சதுர அடி நிலம். கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. மகள் புனேயிலும் மகன் சிங்கப்பூரிலும் குடியேறிவிட, நானும் கணவரும் மட்டும் மிஞ்சினோம். விற்கலாமா என்ற பேச்சு இரண்டு வருடம் ஓடியது. ஒருநாள் அவர் பழைய டைரி ஒன்றை எடுத்து, ஒரு மாதம் நாங்கள் வீட்டில் எங்கெல்லாம் போகிறோம் என்று குறிக்கத் தொடங்கினார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாத முடிவில் பார்த்தால் மாடிக்கு ஏறியது நான்கே முறை. நான்கும் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க. கீழேயும் ஓர் அறையை மாதம் முழுக்கத் திறக்கவே இல்லை. சமையலறை, ஒரு படுக்கையறை, வாசல் திண்ணை. நாங்கள் வாழ்ந்த வீடு அவ்வளவுதான். மிச்சத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

அதே டைரியில் இன்னொன்றும் தெரிந்தது. வாசல் திண்ணையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். கீரைக்காரம்மா நின்று பேசுவது, எதிர்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவது, எல்லாம் அங்கேதான். அதனால் புது இடத்தில் படுக்கையறை எத்தனை என்பதைவிட, உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஓர் இடம் உண்டா என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியானது. தரகர் காட்டிய ஒன்பதாவது மாடி ஃபிளாட்டிலிருந்து கடல்கூடத் தெரிந்தது. கீரைக்காரம்மா தெரியவில்லை. வேண்டாம் என்றோம்.

சின்ன வீட்டுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் விளம்பரத்தில் இருக்காது. குளியலறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலமா? கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா, ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தானா? தண்ணீர் லாரியா, மெட்ரோ குடிநீர் இணைப்பா? காய் வாங்க நடந்து போகலாமா, ஒவ்வொரு தடவையும் ஆட்டோவா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவோம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது, வருகிற சனம் எங்கே உட்காரும்? தனி வீட்டில் வாசலில் சாமியானா போட்டுவிடுவோம். ஃபிளாட்டில் அதற்கு அசோசியேஷன் செயலாளரிடம் போய் நிற்க வேண்டும். அபசகுனம் என்று ஒதுக்காமல் வீடு பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள். எழுபது வயதுக்காரர் வீடு பார்க்கிறார் என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

கோயம்புத்தூரைச் சுற்றி மூத்தோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. பொதுச் சமையல், அழைத்தால் வரும் செவிலியர், சமவயதுக்காரர்களின் பேச்சுத் துணை. பலருக்கு அது நல்ல தீர்வு. போகிறவர்கள் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாம் வாங்குவது கிரயப் பத்திரத்தோடு கூடிய வீடா, வைப்புத்தொகை கட்டி ஆயுள்வரை தங்கும் உரிமையா? இரண்டுக்கும் விலை ஒன்றுபோலத் தோன்றலாம். ஒருவர் காலமானபின் மற்றவர் என்ன ஆவார், வெளியேறினால் பணம் எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும் என்ற இடத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

பிள்ளைகளோடு போய்ச் சேரும் வழியும் உண்டு. நம் வீடுகளில் அதிகம் நடப்பது அதுதான். அதில் ஒரு குழியும் இருக்கிறது. அம்மா ஊர் வீட்டை விற்கிறாள். பணம் மகனின் ஃபிளாட்டுக்குப் போகிறது. அந்த ஃபிளாட்டின் பத்திரத்தில் மகனும் மருமகளும் இருப்பார்கள், அம்மா இருக்கமாட்டாள். மூன்று பேருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் காகிதப்படி அவள் விருந்தாளி. போட்ட பணத்தின் அளவுக்கு ஒரு பாகமாவது அவள் பேரில் எழுதுவது அன்புக்குக் குறைவு ஆகாது. எழுதாமல் விட்டால், என்றோ ஒருநாள் சமையலறையில் எழும் சின்னப் பிணக்கில்கூட ‘இது என் வீடா?’ என்ற கேள்வி வந்து நிற்கும்.

இரண்டாம் தபசில்: காகிதம்

ஆள் கேள்விக்குப் பதில் கிடைத்தபின் காகிதத்துக்கு வாருங்கள். விலை பேசும் முன்னால் வாருங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு காகிதத்தைத் தேடுகிறவர்தான் வாங்குபவரின் அவசரத்துக்குப் பணிந்து விலையைக் குறைக்கிறார்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றை இன்று பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். யாரோ ஒருவர் பெட்டியில் வைத்திருக்கும் பதிவாகாத உயில் அதில் வராது. ‘வில்லங்கம் சுத்தம்’ என்றால் பாதிக் கதை சுத்தம் என்று பொருள்.

ஆயிரக்கணக்கான பத்திரம் பார்த்த என் கதையைச் சொல்கிறேன். சொந்த வீட்டை விற்க எடுத்தபோது நில அளவையர் நாடாவை இழுத்தார். பத்திரத்தில் கிழமேல் நாற்பது அடி. தரையில் முப்பத்தெட்டரை. 1984-இல் வாங்கியபோது யாரும் அளக்கவில்லை. லேஅவுட் வரைபடத்தில் இருந்ததை அப்படியே பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு விற்றவர் காலமாகிவிட்டார். பிழைத்திருத்தல் பத்திரம் எழுத அவருடைய வாரிசுகளைத் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. ஊருக்கெல்லாம் ‘அளந்து வாங்குங்கள்’ என்று சொன்னவள் நான்.

அடுத்தது பங்கு. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இந்துக் குடும்பமானால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவைப் பெற்ற தாயார், எல்லாருக்கும் சம பங்கு. இது 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. ‘89-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது’ என்று கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற பெரியவர்கள் இரண்டு சட்டத்தை ஒன்றாகக் குழப்புகிறார்கள். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தமும், அதை விளக்கிய 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. அப்பா சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கும் அந்தக் கல்யாணத் தேதிக்கும் சம்பந்தம் இல்லை. கிறிஸ்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. அந்தந்தச் சட்டப்படி பார்க்க வேண்டும்.

மகள்கள் தங்கள் பங்கைச் சகோதரருக்கு விட்டுக்கொடுக்க எழுதும் விடுதலைப் பத்திரங்களை நிறையப் பதிவு செய்திருக்கிறேன். மனம் ஒப்பி எழுதுகிறவர்களும் உண்டு. வண்டி ஏறும் நேரத்தில் ‘ஒரு கையெழுத்துதான், அக்கா’ என்று அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு. இரண்டு வகைக்கும் பத்திரத்தின் வாசகம் ஒன்றேதான். பத்து வருடம் கழித்துப் பகையாக மாறுவது இரண்டாவது வகை. அந்தப் பெண்ணின் பங்கு எத்தனை ரூபாய் பெறும் என்பதை முதலில் அவளுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள். விட்டுக்கொடுப்பதானால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

இருக்கும்போதே எழுதிவைப்பதா, உயிலா? செட்டில்மென்ட் எழுதினால் சொத்து உடனே கை மாறுகிறது. உயில் எழுதினால் கடைசிவரை நம்முடையது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிவு செய்வது நல்லது. பிள்ளை கவனித்துக்கொள்வார் என்று எழுதிக்கொடுத்தபின் கைவிடப்பட்டவருக்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் துணை நிற்கிறது. கோட்டாட்சியரிடம் முறையிட்டு அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு ஆதரவாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இருந்தாலும் ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டியது’ என்ற நிபந்தனையையும் ஆயுள்கால உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதியிருந்தால் வாதாட வேண்டிய வேலை குறையும். முதுமையில் வழக்கு ஜெயிப்பதைவிட வழக்கே இல்லாமல் இருப்பதுதான் பெரிய சொத்து.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, விற்கும் அதிகாரத்தை இங்குள்ள ஒருவருக்குத் தரும் பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். ஆனால் பவர் பத்திரமே கிரயம் ஆகிவிடாது. 2011-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ‘பவர்லயே வாங்கிடலாம் சார், செலவு மிச்சம்’ என்கிற தரகரிடம் கும்பிட்டு விடைபெறுங்கள்.

வாங்கும் பக்கத்தில் பார்க்க வேண்டிய சொல் ‘பிரிபடா பாகம்’. தரகர்கள் யுடிஎஸ் என்பார்கள். ஃபிளாட் வாங்குகிறவர் சுவரையும் தரையையும் பார்க்கிறார். நாள் ஆக ஆகச் சுவரின் மதிப்பு இறங்கும், மதிப்பு ஏறுவது அடியில் உள்ள நிலத்தில்தான். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு ஐந்நூறு சதுர அடி நிலப் பங்கு உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடமும், இருநூறு சதுர அடி மட்டும் உள்ள புது அடுக்ககமும் ஒன்றல்ல. முதலாவது, கட்டடம் மூப்படைந்து இடித்துக் கட்டும் நாளில் கை கொடுக்கும். தமிழ்நாட்டின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம். எழுபத்தைந்து வயதில் அந்த இரண்டு வருட இடப்பெயர்ச்சியைத் தாங்குவீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். நிலப் பங்கு அதிகமாக இருப்பது வாரிசுக்கு லாபம். லிஃப்ட் இல்லாதது உங்கள் முழங்காலுக்கு நட்டம்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு உண்டா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குபவர்களிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். விலையைச் சொல்லும்போது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பான கார்ப்பெட் ஏரியாவைச் சொல்ல வேண்டும். சூப்பர் பில்ட்-அப் கணக்கில் மாடிப்படியிலும் லிஃப்ட் கிடங்கிலும் நமக்குப் பங்கு காட்டுவார்கள். அங்கே கட்டில் போட முடியாது.

மூன்றாம் தபசில்: பணம்

இப்போது எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டப் பிரிவின் எண்கள் மாறலாம், கணக்கின் உருவம் மனதில் நிற்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 1984-இல் வாங்கிய வீடு இப்போது ரூ.1 கோடியே 80 லட்சத்துக்கு விற்கிறது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. ரூ.12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் ரூ.1 கோடியே 68 லட்சம். 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 விழுக்காடு, அதாவது ரூ.21 லட்சம். அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடு, விற்பவர் இந்தியாவில் குடியிருப்பவர் என்றால், பழைய முறையில் பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 விழுக்காடாகவும் பார்க்கலாம். 2025–26-க்கான குறியீடு 376. ரூ.12 லட்சம் ரூ.45 லட்சத்து 12 ஆயிரமாக உயரும். வரி ஏறக்குறைய ரூ.27 லட்சம். இந்தக் கணக்கில் புது முறையே மேல். வேறொரு வீட்டுக்குப் பழைய முறை மேலாக இருக்கும். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் ஆடிட்டர் வீட்டுப் படியை விட்டு இறங்காதீர்கள்.

இந்த ரூ.21 லட்சத்தையும் முழுக்கக் கட்ட வேண்டியதில்லை. விற்றவர் ரூ.90 லட்சத்துக்குச் சின்ன ஃபிளாட் ஒன்று வாங்கினால் லாபத்தில் அவ்வளவும் கழிகிறது. ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் ரூ.50 லட்சம் வரை போட்டால் அதுவும் கழியும். அந்தப் பணத்தை ஐந்து வருடம் தொட முடியாது. மிச்சம் ரூ.28 லட்சத்துக்கு வரி ரூ.3.5 லட்சம். செஸ் தனி. வாங்கிய புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் பெற்ற சலுகை பறிபோகும்.

புது வீடு வாங்க, விற்ற நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கட்டுவதானால் மூன்று வருடம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்கி முடிக்காவிட்டால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இந்த இரண்டு வருடத்தைப் பலர் கெடுவாகப் பார்த்துப் பதறுகிறார்கள். எனக்கு அது சட்டம் தந்த ஒத்திகைக் காலமாகப் படுகிறது. போகப்போகிற பகுதியிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மழைக்காலத்தில் தெரு மூழ்குகிறதா, கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி ராத்திரி பதினொரு மணிக்கும் கத்துகிறதா, நமக்குப் பேச ஆள் கிடைக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். இந்த ஒத்திகைக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பழைய வீட்டின் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ரூ.90 லட்சத்துக்கு ரூ.8 லட்சத்து 10 ஆயிரம். பிடிக்காமல் மறுபடி விற்று வேறு வாங்கினால் அந்தத் தொகை போனது போனதுதான். ஒரு வருட வாடகை அதைவிட மலிவு.

சின்னச் சின்னதாக இன்னும் சில. விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 விழுக்காடு வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பிடித்தம் இன்னும் அதிகம். வாங்குபவர் 1 விழுக்காட்டோடு நிறுத்திவிட்டால் பிறகு சிக்கல் அவர் தலையில். கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. நிறைவுச் சான்று வாங்கிய பின் விற்கும் ஃபிளாட்டுக்கும் பழைய ஃபிளாட்டுக்கும் கிடையாது. ‘பாதி வெள்ளை, பாதி ரொக்கம்’ பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். சொத்து விற்பனையில் ரூ.20,000-ஐத் தொட்டால் ரொக்கம் வாங்கக்கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம்.

விற்காமல் வீட்டை வைத்தே பணம் பெறும் வழியும் இருக்கிறது. 2007 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தலைகீழ் அடமானம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் சொந்த வீட்டிலேயே குடியிருப்பார். வங்கி மாதாமாதம் பணம் தரும். அவர் காலத்துக்குப் பின் வாரிசு கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையேல் வங்கி விற்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். என் பணிக்காலத்தில் இப்படி வந்த பத்திரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘கடைசிக் காலத்தில் வீட்டை அடகு வைத்தார்’ என்ற பேச்சுக்கு அஞ்சி, ஒரு கோடி ரூபாய் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறவர்களை நான் அறிவேன்.

பரண்

மூன்று தபசிலிலும் அடங்காத ஓர் இடம் பரண். பத்திரம் பதிவான அன்று எனக்குக் கண் கலங்கவில்லை. பரணைக் காலி செய்த அன்றுதான் கலங்கியது.

சணல் சாக்கில் கட்டி வைத்த பித்தளை அண்டா, குண்டான், கொலுப் படி, மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள், ஒரு காலத்தில் யாருக்கோ வேண்டியிருந்த ஒரு சூட்கேஸ் நிறையப் பழைய சாவிகள். பாத்திரக் கடைக்காரர் தராசோடு வந்தார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, ஈயம் பூசிய உட்புறத்தைக் கீறிப் பார்த்து, எடை போட்டுச் சின்ன நோட்டில் குறித்தார். ஒரு வெண்கலப் பானையைத் திருப்பியபோது கழுத்தில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. என் மாமியார் பெயர், ஊர், 1951 என்ற வருடம். உளியால் வெட்டியவர் இடம் போதாமல் கடைசி எழுத்தைச் சின்னதாக்கி மேலே ஏற்றியிருந்தார். அறுபது வருடத்துக்கு மேல் அந்தப் பானையை விளக்கிய கைகள் அந்தப் புள்ளிகளைப் பாதி தேய்த்துவிட்டிருந்தன. “இதுவும் எடைக்குத்தானேம்மா?” என்றார் கடைக்காரர். தராசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பொருள்களைக் கழிக்கத் தொடங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு யோசனை. வீட்டை விற்கும் பேச்சு எழுந்த நாளிலேயே பரணில் கை வையுங்கள். பதிவுக்கு முந்தைய வாரத்தில் செய்தால் எல்லாவற்றையும் தூக்கி எறிவோம், அல்லது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவோம். இரண்டும் தப்பு.

பொதுக் கிணறு

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எல்லாத் தபசிலும் எழுதி முடித்தபின் கடைசியில் ஒரு பத்தி வரும். கிணறும் பாதையும் பொது. ‘மேற்படி கிணற்றில் இருபாகஸ்தர்களும் தடையின்றித் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டியது.’ முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிகள்கூட அந்த வரியை அடிக்கச் சொன்னதில்லை. பிரிக்க முடியாதது ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதெல்லாம் பிரியும் என்று அந்தப் பழைய பத்திர எழுத்தர்களுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டை விற்கிற குடும்பத்துக்கும் அப்படி ஒரு பத்தி வேண்டும். வீடு இருந்தவரை எல்லாரும் வந்து சேர ஓர் இடம் இருந்தது. யாரும் யாரையும் அழைக்கத் தேவைப்படவில்லை. விற்றபின் அழைக்க வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு எங்கே கூடுவது, அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் முதலில் யார் லீவு போடுவது, அப்பாவின் திதி யார் வீட்டில் என்பதையெல்லாம் விலை பேசி முடித்த உற்சாகத்தில் யாரும் பேசுவதில்லை. கையெழுத்துப் போடும் கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு நாள் மாலை, தரகரும் வக்கீலும் இல்லாமல், அதைப் பேசிவிடுங்கள். கட்டிலில் கிடந்த அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வரும் நேரத்தில் பேசி முடித்தார்கள். உங்களுக்கு அதைவிட அதிக நேரம் இருக்கிறது.

நாங்கள் இப்போது இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியிலிருந்து தெரு தெரிகிறது. வேறொரு கீரைக்காரம்மா வருகிறார். வெண்கலப் பானையை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது மகளும் மகனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பாகம் பிரிக்க முடியாத சொத்து. கடைசியில் சார்பதிவாளர் தீர்ப்பே நின்றது. வருடத்துக்கு ஒருவராக, பொங்கல் எந்த வீட்டில் கூடுகிறதோ அந்த வீட்டுக்குப் பானை முன்கூட்டியே போய்விட வேண்டியது. இந்த வருடம் அது புனேயில் இருக்கிறது. அடுத்த வருடம் விமானம் ஏற வேண்டும்.